வந்துசேராத அரசு வெளியீடுகளைக் கோருதல்: பெயர், எண், கோரிக்கை மொழி

1. முன்னுரை

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழி ஒப்பீட்டு அட்டவணையில் தமிழ் பேசுவோர் தொகை 1971இல் 3,76,90,106 என்றும் 1991இல் 5,30,06,368 என்றும் தரப்பட்டுள்ளது. இடைப்பட்ட 1981ஆம் ஆண்டிற்குரிய கட்டத்தில் எண் இல்லை. தமிழ்நாட்டின் கணக்கெடுப்பு ஆவணங்கள் வெள்ளத்தில் அழிந்தமையால் தமிழுக்குரிய முழு எண்ணிக்கை கிடைக்கவில்லை என்பது அடிக்குறிப்பு தரும் விளக்கம். இவ்வடிக்குறிப்பைக் காணாத நூலகர் ஒருவர், அவ்வாண்டிற்குரிய தமிழ்நாட்டுத் தாய்மொழி அட்டவணை தம் நூலகத்தில் இல்லாமையை உணர்ந்து, அதனை அனுப்புமாறு மடல் எழுதக்கூடும். விடை வரினும் நூல் வாராது. இதற்கு மாறாக, அச்சாகிப் பிற நூலகங்களைச் சென்றடைந்த ஒரு தொகுதி தம் நூலகத்திற்கு மட்டும் வாராதிருக்க, அது இன்னும் வெளிவரவில்லை என்றெண்ணி அவர் வாளாவிருத்தலும் கூடும். முதலாவது வீண்முயற்சி, இரண்டாவது இழப்பு. இரண்டிற்கும் காரணம் ஒன்றே: இல்லாமையின் வகையை அறியாமை.

அரசு வெளியீடுகளைப் பெறும் உரிமையுடைய வைப்பு நூலகங்களும், நன்கொடையாகவோ பரிமாற்றமாகவோ விலைக்கோ அவற்றைப் பெறும் பிற நூலகங்களும், வந்துசேராதவற்றை எவ்வாறு கண்டறிந்து கோருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இது நூலகவியலின் எல்லைக்குட்பட்ட பொருளாகத் தோன்றலாம். எனினும், ஒரு வெளியீடு வரவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் அதன் பெயரையும் எண்ணையும் ஆண்டையும் சரியாகப் படித்தல் வேண்டும். அப்படிப்பு பெரிதும் மொழிசார்ந்த செயல். ஆகவே, விடுபாட்டுக் கோரிக்கையின் வெற்றி தோல்வியை அஞ்சலைக் காட்டிலும் மொழியே மிகுதியாக முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. சட்டமும் நடைமுறையும்

2.1 நூல்கள் ஒப்படைப்பு (பொது நூலகங்கள்) சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் செய்தித்தாள்களையும் அதன்கீழ்க் கொணர்ந்தது. இந்தியாவில் வெளிவரும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும், வெளியான நாளிலிருந்து 30 நாள்களுக்குள், பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் பிற மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. சென்னைக் கன்னிமாரா பொது நூலகம், மும்பை மைய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியன அம்மூன்றாகும். 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம் 1955 முதல் இத்தகுதியைப் பெற்றுள்ளது.

இச்சட்டத்தின் சில கூறுகள் நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையன. முதலாவது, 'நூல்' என்பதன் வரையறை. எம்மொழியிலும் அமைந்த ஒவ்வொரு தொகுதியும், தொகுதியின் பகுதியும், பிரிவும், சிறு வெளியீடும், தனியே அச்சிடப்பட்ட நிலப்படமும் இச்சட்டத்தின்படி நூலே. அஃதாவது, ஒரு தொகுதியின் மூன்றாம் பாகம் சட்டத்தின் நோக்கில் தனிநூல். அது வாராவிடின் தனியே கோரத்தக்கது. இரண்டாவது, அரசின் ஆணையால் வெளிவரும் நூல்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும் உரியவை விலக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, சேர்க்கையோ மாற்றமோ இன்றி மறுபடி அச்சிடப்படும் பதிப்புகளை அனுப்ப வேண்டுவதில்லை. நான்காவது, நூலகப் பொறுப்பாளர் பெற்ற படிக்கு எழுத்துவழி ஒப்புச்சீட்டுத் தருதல் வேண்டும். வந்ததா இல்லையா என்ற ஐயம் எழும்போது இருதரப்பிற்கும் சான்றாவது இச்சீட்டே. சட்டத்தை மீறும் பதிப்பாளருக்கு 50 ரூபாய் வரையிலான தண்டமும் நூலின் விலைக்கு ஈடான தொகையும் விதிக்கப்பட்டன. ஆயினும் மத்திய அரசால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர் முறையிட்டாலன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. எனவே, நடைமுறையில் தண்டத்தைவிட மடலே நூலகரின் கருவி.

2.2 திருவனந்தபுரத்தின் நிலை வேறு. 1829இல் சுவாதித் திருநாள் காலத்தில் தோன்றிய பொது நூலகம், இன்றைய மாநில மைய நூலகம், நாட்டின் பழமையான பொது நூலகங்களுள் ஒன்று. எனினும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் சுட்டும் நான்கனுள் அது இடம்பெறவில்லை. ஆகவே இந்நகரில் தமிழ்நாட்டு அரசு வெளியீடு ஒன்று வேண்டின், அச்சட்டத்தின் துணையின்றியே கேட்க வேண்டும். உரிமையால் கேட்பதற்கும் வேண்டுகோளாகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு மடலின் மொழியில் எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்பது பின்னர் (5) ஆராயப்படும்.

2.3 அமெரிக்க ஐக்கிய நாட்டின் கூட்டரசு வைப்பு நூலகத் திட்டத்தில், அனுப்பப்படும் அச்சு வெளியீடுகளுடன் அனுப்புகைப் பட்டியல் ஒன்றை இணைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. நூலகர் பட்டியலையும் பெட்டியையும் ஒப்பிட்டு, பட்டியலில் இருந்து பெட்டியில் இல்லாதவற்றைக் குறித்த கால எல்லைக்குள் கோருவார். எது அனுப்பப்பட்டது என்பதை அனுப்புநரே எழுத்தில் சொல்லிவிடுவதால், அங்குக் கோரிக்கை என்பது இரு பட்டியல்களின் கழித்தற் கணக்கு. நம்முடைய சட்டம் இத்தகைய பட்டியலை வற்புறுத்தவில்லை. எனவே எது வரவேண்டும் என்பதை இந்திய நூலகர் தாமே உய்த்துணர வேண்டியுள்ளது. இவ்வுய்த்துணர்தலில்தான் பெயரும் எண்ணும் இடறுகின்றன.

3. விடுபாட்டின் வகைகள்

ஆங்கில நூலக வழக்கில் 'மிஸ்ஸிங்' என்னும் ஒரு சொல் பல நிலைகளையும் தழுவி நிற்கிறது. அதனைக் 'காணாமற்போன' என்று மொழிபெயர்ப்பது பெரும்பாலும் பொருந்தாது. காணாமற்போவதற்கு முன் ஒரு பொருள் கையில் இருந்திருக்க வேண்டும். 'விடுபாடு' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு ஐந்து வகைகளைப் பிரிக்கலாம்.

3.1 வெளிவராதது. எண்வரிசையில் இடம் இருந்தும் நூல் பிறவாமை. 1981இல் அசாமில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. ஆயினும் மாநில வரிசை எண்களில் ஆந்திரத்திற்கு 2உம் பீகாருக்கு 4உம் வழங்கின. இடையிலுள்ள 3ஐ நோக்குவோர் அவ்வாண்டின் அசாம் மக்கள்தொகை அட்டவணைகள் தமக்கு வரவில்லை எனக் கருதுவது இயல்பு. காலந்தாழ்த்தலும் இவ்வகையில் அடங்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதி 1891 முதல் 1917 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. மூன்றாம் பகுதி 1895இலும் நான்காம் பகுதி 1913இலும் வந்தன. 1905இல் நான்காம் பகுதியைக் கோரிய நூலகர் எவரேனும் இருந்திருப்பின், அவர் கோரியது அன்று உலகில் இல்லாத ஒன்றை.

3.2 வெளிவந்தும் அனுப்பப்படாதது. அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும் என்ற குறிப்புடைய கையேடுகளும் சொற்பட்டியல்களும் இவ்வகையின. ஒரு துறையினுள் வழங்கிய கலைச்சொற் பட்டியல் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாததாக இருக்கலாம். ஆனால் சட்டம் அதனை விலக்கியிருத்தலின், அதனை விடுபாடு எனக் கோரலாகாது. தனி வேண்டுகோளாகவே கேட்டல் வேண்டும்.

3.3 அனுப்பியும் வந்துசேராதது. இதுவே கோரிக்கைக்கு முழுமையாக உரியது. இதனைக் கண்டறியப் பருவ இதழ்களுக்கென சீ.இரா. அரங்கநாதன் வகுத்த மூவட்டை முறை குறிப்பிடத்தக்கது. பதிவட்டை, சரிபார்ப்பு அட்டை, வகைப்பாட்டு அட்டை என மூன்று அட்டைகள் ஒவ்வோர் இதழுக்கும் அமையும். சரிபார்ப்பு அட்டைகள் இதழ் வரவேண்டிய வாரத்தின் வரிசையில் வைக்கப்படும். இதழ் வந்ததும் அட்டை அடுத்து வரவேண்டிய வாரத்திற்கு நகரும். வாரம் கழிந்த பின்னும் நகராது நிற்கும் அட்டையே வாராத இதழைக் காட்டிக்கொடுக்கும். வந்தவற்றைப் பதிவதோடு நில்லாமல் வாராததைத் தானே பேசவைப்பது இம்முறையின் நுட்பம். எனினும் இது காலம் தவறாத இதழ்களுக்கே பொருந்தும். அரசிதழின் வார இதழுக்கு அட்டை வைக்கலாம். என்று வரும் என யாரும் சொல்லவியலாத அறிக்கைக்கும் சிறப்பு வெளியீட்டிற்கும் எவ்வாரத்தில் அட்டை வைப்பது?

3.4 வந்தும் அறியப்படாதது. வேறு பெயரிலோ வேறு எண்ணிலோ பதிவாகி அடுக்கில் இருப்பது. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை, து.அ. கோபிநாத ராவ் காலத்தில் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்தது. தமிழ், வட்டெழுத்துக் கல்வெட்டுகளை மிகுதியாகக் கொண்ட இவ்வரிசை, தென்கோடித் தமிழின் வரலாற்றை ஆராய்வோர்க்கு முதன்மை மூலம். இத்தகைய பகுதிகளைச் சேர்த்துக் கட்டும்போது மேலட்டைகள் கழித்தெறியப்படுவதுண்டு. பகுதி எண்ணும் வெளியான காலமும் மேலட்டையில் மட்டும் இருப்பின், கட்டடம் முடிந்தபின் எத்தனை பகுதிகள் உள்ளே உள்ளன என்பதைப் பக்க எண்ணும் பொருளடக்கமுமே சொல்லவல்லன. உள்ளே இருக்கும் பகுதியைக் கேட்டு மடல் எழுதும் நிலை இவ்வாறு உண்டாகிறது.

3.5 வந்து பின் காணாமற்போனது. இது நூலகத்தின் உட்பொறுப்பு. அனுப்பிய அலுவலகத்திடம் இதனை வந்துசேராததாகக் கூறுவது உண்மைக்கு மாறானது. ஒப்புச்சீட்டு இருப்பின் எளிதில் வெளிப்பட்டுவிடுவதும் ஆகும். மாற்றுப்படி என்றே இதனைக் கேட்டல் வேண்டும்.

இவ்வைந்தனையும் வேறுபடுத்தாது அனுப்பும் மடல்கள் ஒருங்கே தேங்குகின்றன. மூன்றாம் வகைக்கு உரிய உடனடிக் கவனம் ஏனைய நான்கின் கூட்டத்தில் மறைந்துபோகிறது. அரசு வெளியீடுகள் பல குறைந்த படிகளே அச்சாகின்றன. ஓராண்டு கழித்துக் கேட்பவருக்கு இருப்பு இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிட்டும்.

4. எண், ஆண்டு, பெயர்

4.1 அலகுச் சொற்கள்

தமிழில் நூற்பிரிவைச் சுட்டும் சொற்கள் பல: தொகுதி, பகுதி, பாகம், மடலம், மலர், இதழ், சுவடி. இவற்றுள் எது பேரலகு, எது சிற்றலகு என்பது வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகிறது. தமிழ்நாட்டு அரசு 1974இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்தின் முதல் நூல் 1985இல் வெளிவந்தது. பணி 2011இல் நிறைவுற்றது. இவ்வகரமுதலி 12 மடலங்களாகவும் 31 பாகங்களாகவும் அமைந்தது. நூலகத்தின் அடுக்கில் அமர்வது பாகமே. மடலம் என்பது கருத்தலகு.

இக்கட்டுரையாளர் ஒரு நூலகத்தில் கண்ட பதிவு ஈண்டுச் சுட்டத்தக்கது. அங்கு இவ்வகரமுதலிக்குரிய பதிவில் 12 நூல்கள் வந்தனவாகக் குறிக்கப்பட்டு, எதிரே 'முழுமை' என எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் மொத்தம் 12 மடலங்கள் என்பதை அறிந்தவர். அடுக்கிலும் 12 நூல்கள் இருந்தன. கணக்கு நேராயிற்று. ஆனால் இருந்தவை 12 பாகங்கள். வகரத்தில் தொடங்கும் சொல்லொன்றைத் தேடி வந்த ஆய்வாளரிடம் அச்சொல் அகரமுதலியில் இல்லை என்று சொல்லப்பட்டதாம். நூலில் அச்சொல் உண்டா இல்லையா என்பதன்று இங்குச் சிக்கல். அவ்வெழுத்திற்குரிய நூலே அங்கு இல்லை. 'முழுமை' என்ற சொல் பதிவில் இருந்தமையால், எஞ்சிய பாகங்களைக் கோரும் எண்ணமும் எவருக்கும் எழவில்லை. அகராதிச் சான்றுகளைக் கொண்டு ஒரு சொல் வழக்கில் இல்லை என முடிவு கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கும் இவ்விடர் உண்டு. அதன் ஆறு தொகுதிகள் 1924க்கும் 1936க்கும் இடையில் வெளிவந்தன. பிற்சேர்க்கைத் தொகுதி 1939இல் வந்தது. 'ஆறு தொகுதிகள்' என்ற எண்ணை மட்டும் மனத்திற்கொண்ட நூலகம் ஏழாவதைக் கோராது.

மலையாள வழக்கு இன்னுமொரு சிக்கலைத் தருகிறது. மலையாளப் பருவ இதழ்கள் ஆண்டுத் தொகுதியைப் 'புஸ்தகம்' என்றும் தனி இதழை 'லக்கம்' என்றும் குறிப்பதுண்டு. தமிழர் முன்னதை நூல் என்றும் பின்னதை எண் என்றும் பொருள்கொள்வர். 'புஸ்தகம் 5, லக்கம் 3' என்பதனை 'ஐந்தாம் நூல், எண் 3' என்று பெயர்ப்பின், ஐந்தாம் ஆண்டுத் தொகுதியின் மூன்றாம் இதழ் ஒரு தனிநூலாகிவிடுகிறது. கேரள அரசிதழின் சிறப்பு வெளியீடுகள் 'அசாதாரணம்' என்னும் குறிப்புடன் வருகின்றன. அச்சொல்லை வியப்புக்குரியது என்று கொள்ளாமல் வழக்கமான வார இதழின் வரிசைக்குப் புறம்பானது என்று கொள்ளுதல் வேண்டும். அவ்வெளியீடுகளுக்குத் தனியெண் வரிசை உண்டு. இரு வரிசைகளையும் ஒன்றாக்கிப் பதிவோர்க்குப் பொய்யான இடைவெளிகள் தோன்றும். உண்மையான இடைவெளிகள் மறையும்.

4.2 மாறும் எண்

எண்ணாவது மாறாதது என நம்பலாமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியீடுகளின் மாநில எண்கள் ஆங்கில அகரவரிசையில் அமைந்தவை. 1961இல் ஒன்பதாம் எண் சென்னை மாநிலத்திற்கு உரியது. கேரளம் ஏழாம் எண். 1971இல் ஒன்பது கேரளத்திற்கு வந்தது. 1969இல் பெயர் மாறிய தமிழ்நாடு 'மெட்ராஸ்' இருந்த இடத்தை விட்டு அகரவரிசையில் பின்னே சென்று 19ஆம் எண்ணைப் பெற்றது. 1973இல் மைசூர் கருநாடகமாயிற்று. எனவே 1981இல் ஒன்பதாம் எண் கருநாடகத்திற்குச் செல்ல, கேரளம் பத்தாயிற்று, தமிழ்நாடு இருபதாயிற்று. இருபதாண்டு இடைவெளியில் ஒரே எண் மூன்று மாநிலங்களைச் சுட்டியுள்ளது.

பதிவேட்டில் ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வரும் நூல்களை அதன்கீழ்ப் பதிந்துகொண்டே சென்ற எழுத்தர் தவறொன்றும் செய்ததாகக் கூறவியலாது. ஆயினும் விளைவு இதுவாகும்: தமிழ்நாட்டு வெளியீடுகள் 1961க்குப் பின் நின்றுவிட்டனவாகத் தோன்றும், 'ஒன்பது' வரிசை குறைவின்றித் தொடர்வதாகத் தோன்றும். இவ்விரு தோற்றங்களுக்கும் மூலம் மாநிலங்களின் பெயர்மாற்றம். ஊர்ப்பெயர்களும் இவ்வாறே. டிரிவாண்ட்ரம் 1991இல் திருவனந்தபுரம் ஆயிற்று. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. உரோமன் எழுத்து அகரவரிசைப் பதிவுகளில் இம்மாற்றங்கள் நூல்களை அடுக்குவிட்டு அடுக்கு நகர்த்தியுள்ளன.

4.3 ஆண்டு

திருவிதாங்கூர் ஆட்சி அறிக்கைகள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் வெளிவந்தன. கொல்லம் ஆண்டு ஆகத்து நடுவில், சிங்க மாதத்தில் பிறப்பது. ஆகவே ஒரு கொல்லம் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவி நிற்கும். கேரள மக்கள் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என இன்றும் வழங்குவது 1099ஆம் கொல்லம் ஆண்டில், அஃதாவது 1924 சூலையில் நிகழ்ந்த பெருவெள்ளம். அவ்வாண்டின் அறிக்கையை '1924' எனக் கோருவோர்க்கு 1100ஆம் ஆண்டு அறிக்கை வந்துசேரலாம். அதுவும் 1924இன் ஒரு பகுதியைத் தழுவியதே.

தமிழ்நாட்டு அரசிதழ் 1972 முதல் திருவள்ளுவர் ஆண்டையும் தாங்கி வருகிறது. கிறித்து ஆண்டுடன் 31ஐக் கூட்டப் பெறுவது இது. இதனோடு அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரும் இடம்பெறுவதுண்டு. அப்பெயர்களின் எழுத்துவடிவம் ஒருசீராக இல்லை; வடசொல் வடிவமும் தமிழாக்க வடிவமும் உரோமன் வடிவமும் மாறிமாறி வரும். கோரிக்கையில் இவற்றுள் ஒன்றை மட்டும் தருவது போதாது. இதழில் உள்ளவாறு அனைத்தையும் தந்து, இணையான கிறித்து ஆண்டின் நாளையும் சேர்த்தல் வேண்டும்.

4.4 மொழிபெயர்க்கப்பட்ட பெயர்

1867ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டம் தனி வரலாறுடையது. பதிவு செய்யப்படும் நூல் ஆங்கிலத்தில் இல்லையாயின், அதன் தலைப்பையும் தலைப்புப் பக்கச் செய்திகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிய வேண்டும் என்று அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு விதித்தது. காலாண்டுதோறும் அப்பதிவுகள் அரசிதழில் வெளியிடப்பட்டன. 2023ஆம் ஆண்டுப் பருவ வெளியீடுகள் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது 1867ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. ஆனால் அதன்கீழ்த் திரண்ட பட்டியல்கள் எஞ்சியுள்ளன.

ஆதலின் ஒரு தமிழ்நூலுக்கு மூன்று பெயர்கள் உள்ளன எனலாம்: தலைப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெயர், அதன் உரோமன் ஒலிபெயர்ப்பு, பதிவாளர் அலுவலகம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. 1958 முதல் வெளிவரும் இந்திய தேசிய நூற்றொகை எல்லா மொழி நூல்களையும் உரோமன் எழுத்தில் பதிந்தது. ழகரமும் ளகரமும் லகரமும் துணைக்குறிகளால் மட்டும் வேறுபடும் அவ்வடிவத்திலிருந்து, குறிகளை விட்டுவிட்டுப் படியெடுத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். அப்படியெடுப்பிலிருந்து எழுதப்படும் கோரிக்கையில் தலைப்பு ஏறத்தாழ ஊகமாகவே நிற்கும்.

பெயர் மாறாதிருத்தலும் சில வேளைகளில் ஏமாற்றும். ஆட்சிச் சொல்லகராதி ஒரே பெயரில் பல பதிப்புகள் கண்டது. முன்னைய பதிப்பு உள்ள நூலகம் 'இந்நூல் நம்மிடம் உள்ளது' என்று அமையும். சேர்க்கையும் மாற்றமும் உடைய பதிப்பு சட்டப்படி புதிய நூல் என்பதும், அதன் சொற்களே அலுவலக மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டியன என்பதும் மறக்கப்படுகின்றன.

5. கோரிக்கையின் மொழி

5.1 தொல்காப்பியம் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் கேட்போர் நிலைக்கேற்ப வகுத்துள்ளமை யாவரும் அறிந்தது. இழிந்தோன் கேட்பது ஈ. ஒப்போன் கேட்பது தா. உயர்ந்தோன் கேட்பது கொடு. வைப்பு நூலகத்தின் கோரிக்கை இவற்றுள் எதனைச் சாரும்? நான்கு நூலகங்களும் சட்ட உரிமையுடையன. ஆயின் அவை கட்டளையிடும் அதிகாரம் உடையன அல்ல. பிற நூலகங்கள் உரிமையற்றன. ஆயின் பொதுமக்கள் பொருட்டே கேட்கின்றன. ஆகவே இரண்டிற்கும் 'தா' என்னும் ஒப்போர் நிலையே தகும். 'தயைகூர்ந்து அருளுமாறு பணிவுடன் மன்றாடுகிறேன்' என்பது உரிமையுடைய நூலகத்தைக் கீழிறக்கும்; 'உடன் அனுப்பப்பட வேண்டும், தவறின் நடவடிக்கை' என்பது உரிமையற்ற நூலகத்தின் வாயில் பொருந்தாது.

5.2 தொடரமைப்பும் கருதத்தக்கது. 'தாங்கள் அனுப்பாத மூன்றாம் பாகத்தை அனுப்பி உதவுக' என்னும் தொடரில் எதிர்மறைப் பெயரெச்சம் இரண்டு முற்கோள்களை உள்ளடக்கியுள்ளது: மூன்றாம் பாகம் ஒன்று உண்டு, அதனை நீர் அனுப்பவில்லை. பெயரெச்சத்துள் பொதிந்த கருத்தை மறுப்பது கடினம். படிப்பவர் குற்றச்சாட்டை மட்டும் உணர்வார். 'மூன்றாம் பாகம் எங்கள் நூலகத்திற்கு இதுவரை வந்துசேரவில்லை' என்பது முற்றுவினை. அது வெளிப்படையாகக் கூறப்பட்ட செய்தி, சரிபார்க்கத்தக்கது, மறுக்கவும் தக்கது. மேலும் 'அனுப்பு' செய்வோனை வேண்டும் வினை; 'வந்துசேர்' அவ்வாறன்று. குறை அலுவலகத்ததா, அஞ்சலினதா, நூலகத்ததா என்பது தெரியாத நிலையில் பின்னதே உண்மைக்கு நெருங்கியது.

5.3 'இதுவரை' என்னும் சொல்லை விடலாகாது. மலையாளம் 'வன்னில்ல', 'வன்னிட்டில்ல' என இரண்டை வேறுபடுத்துகிறது. முன்னது ஒரு வேளையில் வரவில்லை என்பது. பின்னது இந்நேரம் வரை வரவில்லை என்பது. தமிழின் 'வரவில்லை' இவ்விரண்டையும் தாங்கும். கேரள அலுவலகத்திற்குரிய மடலைத் தமிழிலிருந்து பெயர்ப்போர் முன்னதைத் தேர்ந்தால், கிடப்பிலுள்ள கோரிக்கை முடிந்துபோன நிகழ்ச்சியாகிவிடும். அட்டவணைகளில் வரும் 'கிடைக்கவில்லை' என்பதும் இவ்வாறே இருபொருள் தருவது: தரவே இல்லையா, இந்நூலகத்திற்கு வரவில்லையா? இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 1981ஆம் ஆண்டுக் கட்டத்தை மொழிபெயர்ப்போர் 'தரவு இல்லை' என்றெழுதி, அடிக்குறிப்பையும் உடன் பெயர்த்தல் கடமை.

5.4 இக்கருத்துகளை உட்கொண்ட மடலின் உள்ளுரை பின்வருமாறு அமையலாம்:

'தங்கள் துறை வெளியிட்டுவரும் (தலைப்புப் பக்கத்தில் உள்ளவாறு பெயர்) வரிசையில் இரண்டாம் மடலம், மூன்றாம் பாகம் எங்கள் நூலகத்திற்கு இதுவரை வந்துசேரவில்லை. இரண்டாம் பாகம் (நாள்) அன்றும் நான்காம் பாகம் (நாள்) அன்றும் வந்துசேர்ந்தன. மூன்றாம் பாகம் வெளிவந்துள்ளதா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறோம். வெளிவந்திருப்பின் ஒரு படி அனுப்புக. இருப்பு இல்லையாயின், படியெடுத்துக்கொள்ள எங்கு உள்ளது என்பதைத் தெரிவிக்க.'

முன்னும் பின்னும் வந்தவற்றின் நாள்களைத் தருவதே இதன் வலிமை. அவை இடைவெளியை நிறுவுகின்றன. இறுதித் தொடர், நூல் தீர்ந்துபோன நிலையிலும் அலுவலர் பயனுள்ள விடையொன்று எழுத வழிவிடுகிறது. ஒரு மடலில் ஒரு வரிசையை மட்டும் கேட்பது நன்று. இருபது தலைப்புகளைக் கொண்ட மடல், ஏதேனும் ஒன்றில் ஐயம் எழுந்தாலும், முழுவதும் கிடப்பில் தங்கும்.

5.5 மடலுக்கு முன் வெளிச்சான்று தேடுதல் வேண்டும். இந்திய தேசிய நூற்றொகை தொடக்கக் காலத்தில் அரசு வெளியீடுகளுக்குத் தனிப்பகுதி கொண்டிருந்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 1962 முதல் பல்லாண்டுகள் வெளியிட்ட வரவுப் பட்டியல்களும் அரசு வெளியீடுகளைப் பதிந்துள்ளன. இவற்றுள் ஒன்றில் நூல் காணப்படின் அது வெளிவந்தமை உறுதி. காணப்படாமை மட்டும் வெளிவராமைக்குச் சான்றாகாது. அண்மைக் கால வெளியீடாயின் அச்சு வடிவம் உண்டா என்பதையும் உசாவுதல் வேண்டும். இந்திய அரசிதழின் அச்சுப்படி 2015 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டு மின்வடிவம் மட்டுமே வெளிவருகிறது. அதற்குப் பிற்பட்ட இதழ்களின் அச்சுப்படியைக் கோருவது வெளிவராததைக் கோருவதாகும்.

6. முடிவுரை

மொழியியலார்க்கு அரசு வெளியீடு தரவு. மொழிபெயர்ப்பாளருக்கு அது சொல்லாட்சியின் சான்று. இருவரும் நூலகத்தில் இருப்பதைக் கொண்டே முடிவு கூறுகின்றனர். ஒரு சொல்லின் முதல் ஆட்சி, ஒரு மொழி பேசுவோரின் வளர்ச்சி, ஓர் ஊர்ப்பெயரின் பழைய வடிவம் என எதனைக் கூறினும், இல்லாத பாகம் அம்முடிவில் அமைதியாகப் பங்கு கொள்கிறது. அது தன் இல்லாமையைத் தானே அறிவிப்பதில்லை; பதிவேட்டில் 'முழுமை' என்று எழுதப்பட்டிருப்பின் அறிவிக்கவும் இயலாது.

ஆகவே, இடைவெளியைக் கண்ட ஆய்வாளர் அதனை அடிக்குறிப்பில் எழுதி அமையாமல் நூலகருக்குத் தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு தெரிவிக்கும்போது விடுபாடு ஐவகையுள் எதனைச் சார்ந்தது, நூலின் பெயர் எவ்வெவ் வடிவங்களில் வழங்குகிறது, எண் எவ்வலகைச் சுட்டுகிறது, ஆண்டு எக்கணக்கைச் சார்ந்தது என்னும் நான்கனையும் உடன் தருதல் நலம். இந்நான்கும் நூலகரைவிட மொழியறிந்தோர்க்கு எளிதில் விளங்குவன. காலந்தாழ்த்தாது இவை தரப்படின், இருப்புத் தீர்வதற்கு முன் வந்துசேரக்கூடிய பாகங்கள் சிலவேனும் அடுக்கில் தமக்குரிய இடத்தை அடையும்.